கழுகுக்கு என்ன சம்பளம்?

போன மாதம் ஒரு புதன்கிழமை காலை, ஷூ லேஸ் கட்டுவதற்காகக் குனிந்தேன். நிமிர முடியவில்லை. குனிந்த போஸிலேயே ஆட்டோ ஏறி, அதே போஸில் டாக்டர் முன்னால் போய் நின்றேன். இவ்வளவு பணிவான பேஷண்ட்டை அவர் பார்த்திருக்க மாட்டார்.

"என்ன வேலை பார்க்கறீங்க?"

"எழுதறேன் சார்."

"அது சரி... வேலை?"

பி.காம். படித்துவிட்டு எழுத வந்தவனுக்கு இந்தக் கேள்வி பழக்கம்தான். மாமனார் வீட்டில் வருடத்துக்கு இரண்டு முறை கேட்பார்கள். இடுப்பில் ஒரு ஊசி, கையில் பத்து மாத்திரை, "நாற்காலியை மாத்துங்க" என்று ஒரு அட்வைஸ். மொத்தம் அறுநூறு ரூபாய்.

வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்தேன். கைக்கெட்டும் தூரத்தில் படிக்க வேறு எதுவும் இல்லாததால் மாத்திரை அட்டையைப் படித்தேன். 'டைக்ளோஃபினாக் சோடியம்' என்று போட்டிருந்தது. இடுப்பு வலி, முட்டி வலி, பல் வலி என்று எதற்குப் போனாலும் கொடுக்கிற மருந்துதான். உங்கள் ஆபீஸ் டிராயரைத் திறந்தால் ஸ்டேப்ளர் பின்னுக்கும் பழைய டீ பில்லுக்கும் நடுவில் ஒரு அட்டை கிடக்கலாம்.

ஆனால் இந்தப் பெயரை நான் வேறு ஒரு இடத்தில் படித்திருக்கிறேன். கழுகுகளைப் பற்றிய ஒரு கட்டுரையில். அதில் கொலையாளியின் பெயர் இதுதான்.

* * *

எனக்கும் கழுகுக்கும் அறிமுகம் 1996 மே மாதம். அப்போது எனக்கு ஒன்பது வயது. லீவுக்குச் செங்கல்பட்டுப் பக்கம் தாத்தா வீட்டுக்குப் போயிருந்தேன். தாத்தாவிடம் செவலை என்று ஒரு பசு இருந்தது. தாத்தா ஆயாவிடம் பேசியதைவிடச் செவலையிடம் பேசியதுதான் அதிகம். ஆயாவே அப்படித்தான் சொல்வாள்.

அந்த மாதம் செவலைக்கு முன்னங்கால் வீங்கிப் படுத்துவிட்டது. தீனி எடுக்கவில்லை. கம்பவுண்டர் ஒருவர் வந்து பார்த்துவிட்டு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்தார். என் மாமா சைக்கிளை எடுத்தார். நான் கேரியரில் தொற்றிக்கொண்டேன். டவுனுக்குப் போய்ச் சின்னதாக ஒரு பாட்டில் மருந்து வாங்கி வந்தோம். பாட்டிலைப் பத்திரமாகப் பிடித்துக்கொள்ளும் பொறுப்பு என்னுடையது. ஊசி போட்ட மறுநாள் செவலை எழுந்து நின்றது. தாத்தா குழந்தை மாதிரி சிரித்தார்.

"திருக்கழுக்குன்றத்துக்கு வேண்டிக்கிட்டேன். கழுகைப் பார்த்துட்டு வந்துடலாம்" என்றார்.

திருக்கழுக்குன்றம் தெரியாதவர்களுக்காக: மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில், மலை மேலே வேதகிரீஸ்வரர் கோயில். ஐந்நூறுக்கும் மேலே படிகள். தினமும் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் பறந்து வரும். பண்டாரம் பாறை மேல் உட்கார்ந்து சர்க்கரைப் பொங்கல் வைப்பார். சாப்பிட்டுவிட்டுப் போய்விடும். சாபம் வாங்கிய முனிவர்கள், காசியில் குளித்துவிட்டு இங்கே சாப்பிட வருகிறார்கள், ராத்திரி தங்கல் ராமேஸ்வரம் என்று ஆயா சொன்னாள். ஒரு நாளைக்கு இவ்வளவு தூரமா என்று கேட்டதற்கு, "உங்கப்பன் பஸ்ஸுலயா போவாங்க?" என்றாள்.

நான் மனசுக்குள் கருடாழ்வார் சைஸில் ஒன்றை எதிர்பார்த்துக்கொண்டு ஏறினேன். கூட்டம் காத்திருந்தது. வெயிலில் பாறை கொதித்தது. கடைசியில் வந்தது ஒரே ஒரு பறவை. வெள்ளை உடம்பு, இறக்கை ஓரம் கறுப்பு, மஞ்சள் பூசிய மாதிரி முகம். இறங்கி, அசைந்து அசைந்து நடந்து வந்து பொங்கலைக் கொத்தியது.

"கோழி மாதிரி இருக்கு தாத்தா" என்றேன். தொடையில் நறுக்கென்று கிள்ளினார்.

"இன்னொண்ணு எங்கே?"

"அதுக்கு இன்னிக்கு லீவுடா."

ஊர் திரும்பிப் பத்து நாளில் செவலை செத்துப்போனது. தோலை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் போட்டுவிட்டார்கள். ஆயா மூக்கைப் பொத்திக்கொண்டு சொன்னாள். "எங்க காலத்துல கழுகு வந்து எறங்கும்டா. நீ சோறு தின்னு முடிக்கிறதுக்குள்ள எலும்புதான் கெடக்கும்." நான் தினமும் வானத்தைப் பார்த்தேன். காக்காய் வந்தது. நாய்கள் வந்தன. நாற்றம் ஒரு வாரம் இருந்தது.

1998-க்குப் பிறகு திருக்கழுக்குன்றத்துக்கும் கழுகுகள் வருவதில்லை.

* * *

நாம் கழுகு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். வேட்டையாடுகிற கழுகு வேறு, செத்ததைத் தின்கிற கழுகு வேறு. இரண்டாவதற்கு 'பிணந்தின்னி' என்று ஒரு பட்டம் வேறு கொடுத்து வைத்திருக்கிறோம். தமிழில் அதற்குக் கௌரவமாக ஒரு பெயர் உண்டு: பாறு. திருக்கழுக்குன்றத்துக்கு வந்தது மஞ்சள்முகப் பாறு. முதுகில் வெள்ளைப் பட்டையோடு இருப்பது வெண்முதுகுப் பாறு.

இந்தியாவில் பாறுகள் கோடிக்கணக்கில் இருந்தன. 1990-களில் ராஜஸ்தானின் பரத்பூர் சரணாலயத்தில், மரக்கிளையில் தலை தொங்கிப்போய் உட்கார்ந்திருந்த பறவைகள் ஒவ்வொன்றாய்க் கீழே விழுவதை விபு பிரகாஷ் என்ற விஞ்ஞானி கவனித்தார். வைரஸோ, பூச்சிமருந்தோ என்று சந்தேகப்பட்டார்கள். இதற்குள் வெண்முதுகுப் பாறுகளின் கணக்கு எங்கேயோ போய்விட்டது. 1992-ல் ஆயிரம் இருந்தது என்றால், 2007-ல் மிச்சம் ஒன்று. நான் பார்த்த மஞ்சள்முக ஜாதியிலும் பத்தில் எட்டு காலி.

குற்றவாளியைப் பாகிஸ்தானில் ஆராய்ந்த லிண்ட்சே ஓக்ஸ் குழு கண்டுபிடித்து 2004-ல் வெளியிட்டது. மாட்டுக்கு வலிக்காகப் போட்ட டைக்ளோஃபினாக்! மாட்டை அது ஒன்றும் செய்யாது. ஆனால் ஊசி போட்ட ஓரிரு நாளில் மாடு செத்து, அதைப் பாறு தின்றால், பாறின் சிறுநீரகம் நின்றுவிடும். வயிற்றைத் திறந்து பார்த்தால் உறுப்புகள் மேல் சுண்ணாம்பு அடித்த மாதிரி யூரிக் அமிலம் படிந்திருக்கும்.

'எல்லா மாட்டுக்குமா ஊசி போட்டிருப்பார்கள்?' என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். தேவையே இல்லையாம். செத்துக் கிடக்கிற மாடுகளில் நூற்றுக்கு ஒன்றுக்கும் குறைவாக இந்த மருந்து இருந்தாலே மொத்தக் கூட்டத்தையும் முடிக்கப் போதும். ஒரு மாட்டின் மேல் டஜன் கணக்கில் பாறு உட்காரும். அவற்றின் குடும்பக் கணக்கோ ரொம்பச் சிக்கனம். வருடத்துக்கு ஒரே முட்டை. அந்தக் குஞ்சு பெரிதாகித் தானும் ஒரு முட்டை போட நாலைந்து வருடமாகும். செலவு தினமும், வரவு வருடத்துக்கு ஒன்று. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

என்னை உறுத்தியது இதுதான். இந்தக் கொலையில் வில்லனே இல்லை. துப்பாக்கி தூக்கியவன், மரம் கடத்தியவன், மீசை வைத்தவன், ஒருத்தரும் கிடையாது. வாயில்லா ஜீவன் வலியில் துடிக்கிறதே என்று இரக்கப்பட்டவர்கள்தான் எல்லோரும். என் தாத்தா மாதிரி.

* * *

இனி என் ஏரியா. அக்கவுண்ட்ஸ்.

பாறு செய்த வேலைக்கு இந்தியாவில் எந்த லெட்ஜரிலும் ஒரு என்ட்ரி கிடையாது. சம்பளம் இல்லை, பி.எஃப். இல்லை, போனஸ் கேட்டு ஸ்ட்ரைக் செய்ததும் இல்லை. ஒரு கூட்டம் இறங்கினால் முழு மாட்டையும் ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். அதன் வயிற்று அமிலத்தில் ஆந்த்ராக்ஸ் கிருமிகூடத் தாக்குப்பிடிக்காது. ஓசியில் நடந்த வேலை என்பதால் நாம் அதற்கு மதிப்பே போடவில்லை.

ஆள் வேலையை விட்டுப் போன பிறகுதான் பில் வந்தது. செத்த மாடுகள் கிடந்து அழுகின. தண்ணீர் கெட்டது. சாப்பாடு தாராளமாகக் கிடைத்ததில் தெருநாய் பெருகியது, கூடவே வெறிநாய்க்கடியும். எயால் ஃபிராங்க், அனந்த் சுதர்சன் என்ற இரண்டு பொருளாதார நிபுணர்கள் 2024-ல் இதற்கு ஒரு கணக்குப் போட்டு வெளியிட்டார்கள். பாறுகள் வாழ்ந்த மாவட்டங்களில், அவை போன பிறகு, 2000-லிருந்து 2005-க்குள் கூடுதலாகச் செத்த மனிதர்கள் சுமார் 5 லட்சம். பண மதிப்பில் வருடத்துக்குச் சுமார் 6,900 கோடி டாலர் நஷ்டம். ரூபாயில் போட்டுப் பார்த்தேன். என் கால்குலேட்டரில் 'இ' என்று வந்துவிட்டது.

மும்பையில் பார்சிகள் இறந்தவர்களின் உடலைப் பாறுகளுக்கு ஒப்படைக்கிற வழக்கம் உள்ளவர்கள். பாறு வராமல் போனதால், சூரிய ஒளியைக் குவித்து உடலைக் கரைக்கும் கருவியை வைக்க வேண்டியதாயிற்று. பல நூற்றாண்டுப் பழக்கத்தை ஒரு வலி மருந்து மாற்றிவிட்டது.

சும்மா இருந்துவிடவில்லை. 2006-ல் மாட்டுக்கு டைக்ளோஃபினாக் தயாரிக்கத் தடை வந்தது. உடனே நம் மூளை வேலை செய்தது. மனிதனுக்கான பெரிய பாட்டிலை வாங்கி மாட்டுக்குப் போட்டார்கள். 2015-ல், மனிதனுக்கான ஊசி மருந்து 3 மி.லி.க்கு மேல் ஒரே பாட்டிலில் வரக்கூடாது என்று உத்தரவு. அப்புறம் அசிக்ளோஃபினாக் என்று ஒன்று. இது மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காகவே மாறிவிடும். பெயரை மாற்றிக்கொண்டு பக்கத்து ஊரில் கடை போட்ட அதே ஆள்! அதையும் கீட்டோப்ரோஃபெனையும் 2023-ல் நிறுத்தினார்கள். 2024 கடைசியில் நிமெசுலைடுக்கும் தடை வந்தது. பாறுக்குக் கெடுதல் செய்யாத மெலாக்சிகாம் என்ற மருந்து தாராளமாகக் கிடைக்கிறது. அதே வலிக்கு அதே நிவாரணம்.

தமிழ்நாட்டில் முதுமலை, சத்தியமங்கலம் பக்கம் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் இன்னும் பாறுகள் கூடு கட்டுகின்றன. 2023 டிசம்பரில் தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா மூன்றும் சேர்ந்து எண்ணியதில் 320 இருந்தன. மூன்று மாநிலத்துக்கும் சேர்த்து! ஒரு மின்சார ரயில் பெட்டியில் பீக் அவரில் நாம் அதைவிட அதிகம் பேர் தொங்குகிறோம்.

ஒரு விஷயம், பயந்துபோய் மாத்திரையைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். நீங்களும் நானும் சாப்பிடுவதால் பாறுக்கு ஆபத்தில்லை. நம்மை எரிக்கப் போகிறார்கள், இல்லையென்றால் புதைக்கப் போகிறார்கள். அந்த வகையில் நாம் யாருக்கும் பிரயோஜனமில்லாதவர்கள்.

* * *

இடுப்பு சரியானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் போனோம். மனைவி, எட்டு வயசுப் பையன், நான். "இந்த இடுப்பை வெச்சுக்கிட்டு மலை ஏறணுமாங்க?" என்று அவள் கேட்டதில் நியாயம் இருந்தது. ஒவ்வொரு இருபது படிக்கும் உட்கார்ந்தேன். பையன் மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே போனான்.

மேலே பாறை அப்படியே இருந்தது. வெயிலும்.

"எங்கேப்பா கழுகு?"

"இப்ப வர்றதில்லைடா."

"அப்புறம் ஏன் ஊருக்கு இந்தப் பேரு வெச்சிருக்காங்க?"

லீவு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். தாத்தா சொன்னபோது அது ஒரு நாள் லீவு. இருபத்தைந்து வருஷத்துக்கு மேலான லீவை எந்த ஆபீஸிலும் லீவு என்று சொல்ல மாட்டார்கள்.

இறங்கி, மாமா வீட்டுக்குச் சாப்பிடப் போனோம். தாத்தா, ஆயா இப்போது இல்லை. மாமாவுக்கும் தலை நரைத்துவிட்டது. கொட்டகையில் இரண்டு மாடு நிற்கிறது. சாப்பாட்டுக்கு நடுவில் ஆரம்பித்தேன்.

"மாமா, மாட்டுக்கு வலின்னா என்ன ஊசி போடறாங்க?"

"இடுப்பு வலி உனக்கு. மாட்டை ஏன்டா விசாரிக்கிற?"

எல்லாவற்றையும் சொன்னேன். மெலாக்சிகாம் என்ற பெயரை ஒரு சீட்டில் எழுதி, "டாக்டர்கிட்டே இதையே கேளுங்க மாமா" என்றேன். மாமா கை கழுவிவிட்டு வந்து சீட்டை வாங்கினார். நாள்காட்டி ஆணியில் குத்தினார். திண்ணையில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் மாட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன்டா, நம்ம செவலைக்குப் போட்டது என்ன ஊசி?"

"தெரியலை மாமா. பேரைப் படிக்கலை."

"நான்தானே வாங்கியாந்தேன்" என்றார்.

"பாட்டிலைப் பிடிச்சுக்கிட்டு வந்தது நான் மாமா."

அதற்கு மேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பையன் முற்றத்தில் நின்று அண்ணாந்து வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். பஸ் ஏற்றிவிட வந்த மாமா, பஸ் நகரும்போது ஜன்னல் பக்கம் வந்து சொன்னார்.

"எங்கயோ மாயாறுன்னு சொன்னியே... போறப்ப சொல்லு. நானும் வர்றேன்."