லீவு முடியும்போது பிள்ளைக்கு வயது என்ன?



போன தவணை நமது பள்ளிக்கூடத்தில் தரம் மூன்று பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டிருந்தோம். ஒரு பிள்ளையின் அறிக்கையில் "கவனமில்லை, கணக்கில் முயற்சி போதாது" என்று எழுதியிருந்தோம். அரைப்பேரோடு மலையிலிருந்து இறங்கி வந்த தாய் அதை வாசித்தார். ஒன்றும் சொல்லாமல் பையிலிருந்து பழைய கிளினிக் கொப்பியை எடுத்து நீட்டினார். பிள்ளை பிறந்தது 28 ஆவது வாரத்தில். எடை ஒரு கிலோவுக்குச் சற்று மேல். மூன்று வருடமாக அந்தப் பிள்ளை நம் முன்னால் உட்கார்ந்திருக்கிறது. நாம் ஒருநாளும் அதைக் கேட்டதில்லை. வெட்கத்தோடுதான் இதை எழுதுகிறோம்.

வயிற்றில் பிள்ளை இருக்க வேண்டிய காலம் 40 வாரம். 37 வாரத்துக்கு முன் பிறந்தால் குறைமாதம், 32 வாரத்துக்கு முன் என்றால் மிகக் குறைமாதம். உலகத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒன்று குறைமாதத்தில் பிறக்கிறது. தாய்க்குப் பிரஷர், கிருமித் தொற்று, இரட்டைப் பிள்ளை என்று காரணங்கள் பல. பல சமயம் காரணமே தெரிவதில்லை. கிரகணத்தில் வெளியே போனாள், சொன்ன பேச்சுக் கேட்கவில்லை என்று லயத்தில் பேசுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கடைசி மூன்று மாதத்தில்தான் மூளை வேகமாக வளர்கிறது. 28 ஆவது வாரத்தில் பிள்ளையின் மூளை மேற்பரப்பு பெரும்பாலும் வழுவழுப்பாக இருக்கும். நாம் படத்தில் பார்க்கும் மடிப்புகள் அதன் பிறகே நிறைகின்றன. 34 ஆவது வாரத்தில்கூட மூளையின் எடை நிறைமாதப் பிள்ளையின் மூளையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். மூளையின் ஒரு பகுதியை இன்னொன்றோடு இணைக்கும் நரம்புப் பாதைகளும் அப்போதுதான் உருவாகிக்கொண்டிருக்கின்றன. வயிற்றின் இருட்டிலும் வெதுவெதுப்பிலும் நடக்க வேண்டிய அந்த வேலை, இந்தப் பிள்ளைகளுக்கு ஆஸ்பத்திரி வெளிச்சத்திலும் ஊசிக்கு நடுவிலும் நடக்கிறது.

இதனால் எல்லாருக்கும் குறை வரும் என்று அர்த்தமில்லை. நன்றாகப் படித்து முன்னேறியவர்கள் ஏராளம். ஆனால் எவ்வளவு முந்திப் பிறக்கிறதோ அவ்வளவுக்கு ஆபத்துக் கூடுகிறது. பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் 1995 இல் 26 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளைகளை 'எபிக்கியூர்' என்ற ஆய்வில் வருடக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். அவர்களுக்கு 11 வயதானபோது, கூடப் படித்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், பத்தில் நாலு பேருக்குச் சிந்திப்பதிலும் படிப்பதிலும் பெரிய தடை இருந்தது. அது வசதியுள்ள நாடு.

வகுப்பில் இது எப்படித் தெரியும்? பல பிள்ளைகள் குழப்படி செய்வதே இல்லை. அமைதியாக இருக்கும், மனம் மட்டும் வேறெங்கோ போய்விடும். மூன்று வேலையை ஒன்றாகச் சொன்னால் முதலாவதைச் செய்துவிட்டு மற்றதை மறந்துவிடும். வாசிப்பு சமாளிக்கும், கணக்கு தடுமாறும். குழப்படிக்காரப் பிள்ளையை எல்லா ஆசிரியரும் கவனிக்கிறோம். இந்தப் பிள்ளையைத்தான் "மக்கு" என்று சொல்லிப் பின் வாங்கில் விட்டுவிடுகிறோம். ஒரு நேரத்தில் ஒரு வேலை, முன் வாங்கு, கொஞ்சம் கூடுதல் நேரம். இதற்குக் காசு செலவில்லை.

இனி லீவுக் கணக்குக்கு வருவோம். 1939 ஆம் ஆண்டு மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டத்தின் கீழ் தாய்க்கு 84 நாள். ஞாயிறும் போயாவும் கழித்தால் பதினாலு, பதினைந்து வாரம் வரும். 28 வாரத்தில் பிறந்த பிள்ளை 12 வாரம் முந்தி வந்தது. டாக்டர்மார் இரண்டு வயது வரை இப்பிள்ளைகளின் வளர்ச்சியைப் பிறந்த நாளிலிருந்து பார்ப்பதில்லை, பிறக்க வேண்டிய நாளிலிருந்துதான் பார்க்கிறார்கள். அப்படிப் பார்த்தால் தாய் லீவு முடிந்து பெரட்டுக்குப் போகும் காலையில் பிள்ளைக்கு வயது இரண்டு மூன்று வாரம். அதிலும் பெரும்பகுதி ஆஸ்பத்திரியில் போயிருக்கும். அந்தப் பிள்ளையைத்தான் பிள்ளை மடுவத்தில் விட்டுவிட்டு மலைக்கு ஏறு என்கிறோம்.

இந்தச் சட்டம் எழுதிய காலத்தில் இத்தகைய பிள்ளைகள் பிழைப்பதே அபூர்வம். இன்று பிழைக்கிறார்கள், சட்டம் இன்னும் அங்கேயே நிற்கிறது. நம்மை இந்த மலைகளுக்குக் கொண்டுவந்த பிரித்தானியாவில் 2025 ஏப்ரல் முதல், பிறந்த பிள்ளை தொடர்ந்து ஏழு நாளோ கூடவோ விசேட பராமரிப்பில் இருந்தால் பெற்றோருக்கு 12 வாரம் வரை மேலதிக லீவு உண்டு. நம் சட்டமும் மாற்ற முடியாததல்ல. இரண்டு பிள்ளை உள்ள தாய்க்கு அடுத்த பிரசவத்துக்கு 42 நாள்தான் என்றிருந்த விதி 2018 இல் நீக்கப்பட்டது.

தாயின் நேரம் இங்கே மருந்துக்குச் சமம். 1978 இல் தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டில் பொகோட்டா நகர ஆஸ்பத்திரியொன்றில் இன்கியூபேட்டர் போதாமல், குறைமாதப் பிள்ளைகளைத் தாயின் வெறும் நெஞ்சில் கட்டி வைத்தார்கள். இதுவே கங்காரு பராமரிப்பு. அப்படி வளர்ந்தவர்களை இருபது வருடம் கழித்துப் பார்த்தபோது, பள்ளிக்கூடத்துக்கு ஒழுங்காகப் போனவர்களாகவும் முரட்டுத்தனம் குறைந்தவர்களாகவும் இருந்தார்கள். இந்த வைத்தியத்துக்கு மிஷின் வேண்டாம், தாய் பக்கத்தில் இருந்தால் போதும்.

ஆகவே நாம் கேட்பது இதுதான். 32 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளையின் தாய்க்கு, பிள்ளை எத்தனை வாரம் முந்தியதோ அத்தனை வாரம் சம்பளத்தோடு மேலதிக லீவு. கண், காது, வளர்ச்சி பார்க்கக் கிளினிக் போகும் நாளுக்கு முழுப்பேர். எடை கூடியதும் கிளினிக்கை நிறுத்திவிடும் தாய்மாரை நாம் குறை சொல்வதில்லை. ஒரு நாள் பேர் போனால் அடுப்பில் என்ன வைப்பது என்று அவர்களுக்குத்தான் தெரியும்.

சட்டத்தில் ஏற்கெனவே உள்ளதையாவது விடாதீர்கள். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க ஒரு நாளில் இரண்டு முறை நேரம் தர வேண்டும். பிள்ளை மடுவம் இருந்தால் ஒவ்வொரு முறையும் 30 நிமிடம், இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம். இதை வெட்டும் தோட்டம் இருந்தால் கமிட்டித் தலைவரிடம் அன்றைக்கே சொல்லுங்கள்.

அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு, குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகள் உள்ள வீட்டார் கிளினிக் கொப்பியையும் கொண்டு வாருங்கள். எத்தனை வாரத்தில் பிறந்தது, லீவு எப்போது முடிந்தது, கிளினிக்குக்காக எத்தனை பேர் இழந்தீர்கள் என்பதை எழுதிக்கொள்வோம். கம்பனியோடு பேசப் போகும்போது அந்தக் கணக்கு நம் கையில் இருக்க வேண்டும். தரம் ஒன்றுக்குப் பிள்ளையைச் சேர்க்க வரும்போதும் அதே கொப்பியைக் கொண்டு வாருங்கள். இனி நாம் கேட்போம்.