பைப்ல வெள்ளைக் கறைக்கு ஆசிட் வேண்டாம், கோயில்ல கண்டிப்பா வேண்டாம்

இது கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

போன ஞாயிறு கோத்தோங் ரோயோங்ல நடந்தது பாதி பேருக்குத்தான் தெரியும். பின்னால இருக்கற குளியலறையில பைப், ஷவர் எல்லாத்துலயும் வெள்ளையா கல்லு மாதிரி படிஞ்சிருந்துச்சு. ஒரு தம்பி, பத்தொன்பது வயசு, நல்ல பையன், அதைச் சுத்தம் பண்றேன்னு உள்ள போனான். முதல்ல டாய்லெட் கழுவற ஆசிட் ஊத்திருக்கான். சரியா போகலைன்னு அதுக்கு மேலயே பிளீச் ஊத்திட்டான். ரெண்டு நிமிஷத்துல இருமிக்கிட்டே வெளியே ஓடி வந்தான். கண்ணு ரெண்டும் சிவந்து போச்சு, மூச்சு விட முடியல. கிளினிக் கொண்டு போனோம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிட்டான், ஆண்டவன் காப்பாத்திட்டான்.

ஆனா தப்பு அவனோடது இல்ல. அந்த ரெண்டு போத்தலையும் ஒரே பையில வாங்கிட்டு வந்தது நான்தான். ஃபேக்டரியில சூப்பர்வைசரா இருக்கேன். அங்க ஆசிட்டையும் பிளீச்சையும் ஒரே அலமாரியில வைக்க விடமாட்டேன். அதே ஆளு கோயிலுக்கு வந்தா மட்டும் மூளையை வீட்டுல வச்சிட்டு வந்துட்டேன். அதுக்காகத்தான் இந்தப் பதிவு.

பிளீச்சும் ஆசிட்டும் சேர்ந்தா குளோரின் வாயு வரும். 1915ல முதல் உலகப் போர்ல ஈப்பர் என்ற ஊருல எதிரிப் படை மேல ஜெர்மன்காரன் திறந்து விட்டது இதே வாயுதான். இது காத்தை விட கனம், கீழேயே தங்கும். ஜன்னல் இல்லாத சின்ன பாத்ரூம்ல, குனிஞ்சு உக்காந்து தேய்க்கிற ஆளு நேரா அதைத்தான் இழுக்கறான். 2019 மார்ச்ல கிம் கிம் ஆத்துல யாரோ ரசாயனக் கழிவைக் கொட்டினதுக்கு பாசிர் கூடாங்ல 111 பள்ளிக்கூடத்தை மூடினாங்க. அப்ப நாம எவ்வளவு கோவப்பட்டோம்! நம்ம கையில இருக்கற ரெண்டு போத்தலுக்கும் அந்தக் கவனம் வேணும்.

இப்ப ரெண்டாவது விஷயம். இது நடந்த பிறகு சில பேரு, "தண்ணியே சரியில்ல, பெரிய ஃபில்டர் போட்டுடலாம், சில ஆயிரம் ரிங்கிட்தானே"ன்னு பேசறாங்க. என் கருத்து: வேண்டாம். காரணத்தைச் சொல்றேன்.

தண்ணி கடினமா ஆகறது அதுல கால்சியம், மெக்னீசியம் கரைஞ்சிருக்கறதால. தண்ணி சுண்ணாம்புக் கல்லு வழியா வந்தா அதைக் கரைச்சு எடுத்துக்கிட்டு வரும். பத்துமலை குகையில மேல இருந்து தொங்குதே கல்லு, அது சொட்டு சொட்டா தண்ணி விட்டுட்டுப் போன சுண்ணாம்புதான். ஈப்போ கல்லுமலைப் பக்கமும் அதே சுண்ணாம்பு மலை. தமிழ்நாட்டுல போர் தண்ணி எடுக்கற சொந்தக்காரங்க வீட்டுக்குப் போனவங்களுக்குத் தெரியும், சோப்பு நுரைக்காது, கேத்தல் உள்ள ஓடு கட்டும். நம்ம ஜோகூர் தண்ணி அப்படி இல்ல. பெரும்பாலும் ஆத்துத் தண்ணி, மென்மையான தண்ணி. சிங்கப்பூரும் 1962 ஒப்பந்தப்படி ஜோகூர் ஆத்துல இருந்துதான் ஒரு நாளைக்கு 250 மில்லியன் கேலன் வரைக்கும் எடுக்குது. லிட்டருக்கு 60 மில்லிகிராமுக்குள்ள இருந்தா மென்மையான தண்ணி, 180க்கு மேல போனா ரொம்பக் கடினம்னு கணக்கு.

அப்ப நம்ம கோயில் பைப்ல மட்டும் ஏன் கல்லு கட்டுது? நான் போய் ஒவ்வொரு பைப்பா பார்த்தேன். கல்லு கட்டின நாலு பைப்பும் சொட்டற பைப். மத்ததெல்லாம் சுத்தமா இருக்கு. ஒரு சொட்டுல இருக்கறது தூசி அளவு. ஆனா ராத்திரி பகலா சொட்டி, அங்கேயே காய்ஞ்சு, மறுபடி சொட்டினா, வருஷக்கணக்குல அது கல்லாகும். கூடவே விபூதிக் கையோட பைப்பைத் திறக்கறோம், சோப்பு நுரையை அப்படியே விடறோம். எல்லாம் சேர்ந்து ஒட்டிக்குது. ரெண்டு மூணு ரிங்கிட் வாஷர் மாத்த வேண்டிய இடத்துல எதுக்குங்க சில ஆயிரம் ரிங்கிட்?

வீட்டுக்கு ஃபில்டர் விக்க வர்றவங்க காட்டற ஒரு வித்தையும் தெரிஞ்சுக்குங்க. ரெண்டு கிளாஸ், ஒண்ணுல பைப் தண்ணி, ஒண்ணுல அவங்க தண்ணி. கரண்ட் கம்பியை விடுவாங்க. பைப் தண்ணி சாக்கடை மாதிரி பழுப்பாயிடும். என் வீட்டுக்காரி பயந்தே போயிட்டா. அந்தப் பழுப்பு தண்ணியில இருந்த அழுக்கு இல்ல, அந்தக் கம்பியோட இரும்பு கரைஞ்சு வர்றது. அவங்க தண்ணியில உப்பே இல்லாததால கரண்ட் ஓடாது, அதான் தெளிவா நிக்குது. அதுல ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மறுபடி விடச் சொன்னேன். அதுவும் பழுப்பாச்சு. வந்தவர் பையைத் தூக்கிட்டுப் போயிட்டார். ஃபில்டரே தப்புன்னு சொல்லல. அழுக்கு, மண்ணு வர்ற வீட்டுக்கு அது தேவைதான். ஆனா சாதாரண மண் ஃபில்டர், தண்ணியில கரைஞ்ச சுண்ணாம்பைத் தடுக்காது. பைப் கறைக்குன்னு அதை வாங்காதீங்க.

கறையை எடுக்க என்ன செய்யறது? முதல்ல அது சுண்ணாம்பான்னு பாருங்க. ஒரு சொட்டு வினிகர் விடுங்க, பொங்கினா சுண்ணாம்பு. துணியை வினிகர்ல நனைச்சு பைப்பைச் சுத்திக் கட்டுங்க. ஷவர் தலைக்குப் பிளாஸ்டிக் பையில வினிகர் ஊத்தி ரப்பர் பேண்ட் போடுங்க. அரை மணியில இருந்து ஒரு மணி நேரம் போதும். பழைய பல் பிரஷ்ல தேய்ச்சு, நல்லா தண்ணி விட்டுக் கழுவி, காய்ஞ்ச துணியால துடைங்க. பைப் வாயில ஒரு சின்ன சல்லடை இருக்கும், அதைக் கழட்டி வினிகர்ல போடுங்க. தண்ணி கம்மியா வர்றதுக்குப் பாதி காரணம் அதுதான். பூஜைக்கு வாங்கின எலுமிச்சம்பழம் மிச்சம் இருந்தா அதுவும் அதே வேலை செய்யும். ராத்திரி முழுக்க ஊற விடாதீங்க, இரும்பு நார் போட்டுத் தேய்க்காதீங்க, மேல் பூச்சு போயிடும். தங்கக் கலர் பைப்புக்கு அஞ்சு நிமிஷத்துக்கு மேல வேண்டாம்.

கறை பழுப்பா இருந்தா அது இரும்பு. தோட்டப்புறத்துல குழாய்க் கிணறு வச்சிருக்கற வீடு, கோயில்ல இதைப் பார்க்கலாம். அதுக்கு சிட்ரிக் ஆசிட் பவுடர், கேக் சாமான் விக்கிற கடையில கிடைக்கும், அது நல்லா கேட்கும். பிளீச் போடவே போடாதீங்க, இரும்புக் கறை இன்னும் அழுத்தமா பிடிக்கும். பிளீச் சுண்ணாம்பையும் கரைக்காது. அதனாலதான் அந்தத் தம்பி மாதிரி "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்"னு ஊத்தறோம்.

பளிங்குத் தரையில வினிகர், எலுமிச்சை எதுவும் படக் கூடாது. பளிங்கும் அதே சுண்ணாம்பு இனம், பைப் கறை கரையற மாதிரி தரையும் கரைஞ்சு மங்கிப் போகும். அபிஷேகம் முடிஞ்சதும் கோமுகியைப் பச்சைத் தண்ணியில முதல்ல அலசிட்டு, அப்புறம் வெதுவெதுப்பான தண்ணி விடுங்க. முதல்லயே கொதிக்கற தண்ணி ஊத்தினா பால் வெந்து ஒட்டிக்கும். பால்லயும் கால்சியம் இருக்கு, நாள் ஆனா அதுவும் கல்லுதான்.

கமிட்டிக்கு நான் கேட்கறது மூணு. ஒண்ணு, கோயில் ஸ்டோர்ல ஆசிட் போத்தலே இருக்கக் கூடாது. ரெண்டு, எந்த மருந்தா இருந்தாலும் ஒரு நேரத்துல ஒண்ணுதான், வினிகரும் பிளீச்சும் கூட சேரக் கூடாது. சின்னப் பசங்களைத் தனியா பாத்ரூம் கழுவ அனுப்பக் கூடாது. மூணு, சொட்டற பைப்பைப் பார்த்தவங்க அன்னைக்கே சொல்லணும். தெரியாம கலந்துட்டா அதைச் சுத்தம் பண்ண நிக்காதீங்க. கதவைத் திறந்து விட்டுட்டு வெளியே வாங்க, மூச்சுத் திணறினா 999 கூப்பிடுங்க.

நாலு வாஷரும் நேத்து நானே மாத்திட்டேன். வர்ற ஞாயிறு காலையில ஏழரைக்கு வினிகரும் பழைய துணியும் நான் கொண்டு வரேன். அந்தத் தம்பியும் வரேன்னு சொல்லியிருக்கான். அவன் அம்மாகிட்ட நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டேன். நீங்களும் வாங்க.