பெயருக்குள் ஓர் ஊர்

மாத்தளை மாவட்டத்து லக்கலப் பக்கம் கண்டியச் சிங்களக் குடும்பங்களின் பெயர்களில் ‘முதியான்சேலாகே’ என்ற சொல்லைக் காணலாம். மன்னன் அளித்த முதியான்சே பட்டத்தின் எச்சம் அது. ‘கே’ என்றால் வீடு. பெரேரா, சில்வா, பெர்னாண்டோ போன்ற பெயர்கள் வேரூன்றியதோ, போர்த்துக்கேயர் 1658 வரை ஆண்ட கரையோரத்தில். கண்டி இராச்சியம் 1815 வரை வீழாது நின்றது. பெயரைக் கேட்டாலே பழைய எல்லைக்கோடு தெரிகிறது.

நம்மவர் வழக்கம் வேறு. தந்தையின் பெயர் முதலெழுத்தாகும். அடுத்த தலைமுறையில் அதுவும் மறையும். வெளிநாட்டுப் படிவங்கள் குடும்பப்பெயர் கேட்பதால், டொராண்டோவில் பேத்தியும் ‘மிஸ் கந்தசாமி’ ஆகிவிடுகிறாள்! தாத்தாவின் பெயர் தங்கிவிட்டது, ஊர்தான் தொலைந்தது. சாதிப்பட்டம் மீண்டும் வேண்டாம். ஊரின் முதலெழுத்தைச் சேர்த்துக்கொள்ளலாம் என்பேன். ம.பொ.சி.யின் ‘ம’ மயிலாப்பூர்தானே?