பழைய ரசீது

அமெரிக்காவில் ஒருவர் சனிக்கிழமை ராத்திரி வீட்டில் கஞ்சா பிடிக்கிறார். திங்கட்கிழமை காலை தெளிவாக எழுந்து காரில் ஆபீஸ் போகிறார். வழியில் போலீஸ் மறித்து சிறுநீரைச் சோதித்தால் மாட்டிக்கொள்வார். என்ன நியாயம் சார் இது?

கஞ்சாவில் போதை ஏற்றும் சரக்கு டி.எச்.சி. அந்தப் போதை சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மிச்சம், கார்பாக்ஸி டி.எச்.சி. என்கிற கழிவு. அதில் துளிகூடப் போதை கிடையாது. ஆனால் லேசில் உடம்பை விட்டுப் போகாது; தினமும் புகைப்பவருக்கு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருக்கும். சிறுநீர்ச் சோதனை பிடிப்பது இதைத்தான். போன மாச ரசீதைக் காட்டி, இன்றைக்குக் கல்லாவில் பணம் இருக்கிறது என்று கணக்கு எழுதுகிற மாதிரி!

இதைவிடக் கூத்து, இப்போதுதான் இழுத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவனின் சிறுநீரில் கழிவு இன்னும் இறங்கியே இருக்காது. அவன் தப்பிக்கலாம்.

அரிசோனாவில் மருத்துவக் கஞ்சாவுக்கு 2010-ல் அனுமதி கிடைத்தது. ஆனால் உடம்பில் கழிவு இருந்தாலே டிரைவர் குற்றவாளி என்று போலீஸ் தரப்பு வாதாடியது. ரத்தத்தில் அந்தக் கழிவு மட்டுமே இருந்த ஒருவர் வழக்கில், போதை தராத கழிவுக்குத் தண்டனை கூடாது என்று 2014-ல் மாநில உச்ச நீதிமன்றம் சொல்லவேண்டியிருந்தது.

போதையில் ஓட்டுகிறவனுக்கு வக்காலத்து வாங்கவில்லை. அவனை உள்ளே தள்ளுங்கள். வண்டி தடுமாறியதா, நேர்கோட்டில் நடக்கிறானா, கேட்டதற்கு ஒழுங்காகப் பதில் சொல்கிறானா என்று ரோட்டிலேயே பார்த்து எழுதுங்கள். அதற்குப் பயிற்சி வேணும், பொறுமை வேணும். பாட்டிலை நீட்டுவது சுலபம்தான்.