வாப்பாட காரின் பம்பரும் ஒரு பொடியனின் கையும்



கொஞ்சம் நீளமான பதிவு. பழைய கார் வைத்திருப்பவர்களும் கராஜ் வேலை செய்யும் தம்பிமாரும் பொறுமையாக வாசிக்க வேண்டும். கார் இல்லாதவர்களும் வாசியுங்கள், கடைசியில் இது கிணற்றுத் தண்ணீரில்தான் வந்து நிற்கிறது.

எங்கள் வீட்டில் வாப்பாட மொரிஸ் மைனர் ஒன்று நிற்பது ஊரில் பலருக்குத் தெரியும். வாப்பா மௌத்தான பிறகு சகோதரர்கள் நாங்கள் மூவரும் சேர்ந்துதான் அதைப் பராமரிக்கிறோம். பெருநாளைக்கும் கலியாணங்களுக்கும் மட்டும் வெளியே எடுப்போம். இந்த முறை எங்கள் மருமகனுக்குக் கலியாணம். "வாப்பாட காரிலதான் மாப்பிள்ளை போகணும்" என்று ராத்தா சொல்லிவிட்டா. சரி என்று காரைக் கழுவிப் பார்த்தால், முன் பம்பர் பார்க்கக் கூடிய நிலையில் இல்லை. குரோம் பொக்களித்து, உரிந்து, நடுவில் கடுகு கடுகாகத் துரு. பின் பம்பர் மங்கியிருந்தது, ஆனால் உரியவில்லை.

ஊரில் கேட்டால் ஆளுக்கொரு யோசனை. "கழற்றி இரும்புக்குப் போடுங்க, வெளிநாட்டிலிருந்து ஸ்டெயின்லஸ் ஸ்டீல் பம்பர் எடுக்கலாம்" என்றார் ஒருவர். "வெள்ளிக் கலர் ஸ்ப்ரே அடிங்க, ஒரு நாளைக்குத்தானே" என்றார் இன்னொருவர். "பழையதையே திருப்பிக் குரோம் பண்ணுங்க" என்றார் கராஜ் பாஸ்.

பழைய பம்பரை எறிவதற்கு எங்களுக்கு மனம் வரவில்லை. அதற்கு வாப்பாவின் ஞாபகம் ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்தக் காரின் கதையே பம்பரில்தான் தொடங்குகிறது. அலெக் இசிகோனிஸ் என்பவர் வடிவமைத்த கார் இது. உற்பத்தி தொடங்கப்போகும் நேரத்தில் கார் ஒடுக்கமாக இருப்பதாக அவருக்குப் பட்டது. மாதிரிக் காரை நடுவால் வெட்டி, இரண்டு பாதியையும் தள்ளி வைத்துப் பார்த்து, 4 அங்குலம் அகலமாக்கினார். ஆனால் பம்பர்கள் அதற்கு முன்னரே அடித்து முடிந்திருந்தன. எறியவில்லை. நடுவால் வெட்டி 4 அங்குலத் துண்டு வைத்துப் பூட்டினார்கள். 1948இல் வெளிவந்த முதற் கார்கள் அந்த ஒட்டுப் பம்பரோடுதான் தெருவுக்கு வந்தன. யுத்தம் முடிந்து இரும்புக்குத் தட்டுப்பாடு இருந்த காலம் அது. அப்படிப்பட்ட காரின் பம்பரை நாம் கிலோக் கணக்கில் விற்பதா?

நமது நாட்டிலும் இந்தக் காரை யாரும் லேசில் எறிந்ததில்லை. சாரதிப் பயிற்சிக்கும் வாடகைக்கும் கலியாணத்துக்கும் இதே கார்தான் ஓடியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 பெப்ரவரியில்தான் தனியார் வாகனங்களுக்கு மீண்டும் திறந்துவிட்டார்கள். அந்த ஐந்து வருடத்தில் பழைய வாகனங்களைத் திருத்தித் திருத்தி ஓடியவர்களுக்கு அவற்றின் அருமை தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

பலர் நினைப்பது போல குரோம் தடிப்பான பூச்சல்ல. பம்பரின் மேலே மினுங்கும் குரோமியத்தின் தடிப்பு அரை மைக்ரோன் அளவுதான். நமது தலைமுடி ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்ரோன் என்றால் யோசித்துப் பாருங்கள். துருவைத் தடுப்பது அதற்குக் கீழே இருக்கும் நிக்கல். அதற்கும் கீழே நல்ல வேலை என்றால் செப்பு. குரோமில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வெடிப்புகள் இருக்கும். கடற்காற்றில் வரும் உப்பு அதற்குள்ளால் இறங்கி, நிக்கலை அரித்து, இரும்பைத் தொட்டதும் துரு பொக்களித்து மேலே வருகிறது. நமது கரையோரத்தில் பம்பர் சீக்கிரம் போவது இதனால்தான். அதிகமாக உள்பக்கத்தில்தான் முதலில் துருப் பிடிக்கும், ஏனென்றால் அங்கே பூச்சும் குறைவு, கழுவுவதும் குறைவு.

திருப்பிக் குரோம் பண்ணுவதென்றால் முதலில் பழைய குரோமையும் நிக்கலையும் அமிலத்தில் கழற்ற வேண்டும். பிறகு நெளிவை எடுத்து, அரைத்து, மினுக்கி, செப்பு, நிக்கல், கடைசியில் குரோம் என்று தொட்டி தொட்டியாக இறக்க வேண்டும். மினுக்கும் வேலையில்தான் பாதி உழைப்பு. ஒவ்வொரு முறையும் இரும்பு கொஞ்சம் தேயும். ஆகவே அடிக்கடி செய்யக் கூடிய வேலையுமல்ல.

பக்கத்து டவுனில் ஒரு இடம் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனோம். 28,000 கேட்டார்கள். நாங்கள் சும்மா விடுவோமா? "நமக்குள்ளதானே, கலியாண வேலை, பார்த்துச் செய்ங்க" என்று பேசிப் பேசி 20,000க்குக் கொண்டுவந்தோம். வெற்றி பெற்றது போலத்தான் வீட்டுக்கு வந்தோம்.

இரண்டு நாள் கழித்து, வேலை தொடங்கியதா என்று பார்க்கப் போனோம். முன்னால் ஆள் இல்லாததால் வளவுக்குப் பின்னால் நடந்தோம். தகரக் கொட்டில். நீளத் தொட்டிகள். மஞ்சளும் சிவப்பும் கலந்த நிறத்தில் ஒரு திரவம், அதிலிருந்து மெல்லிய புகார். கையுறை இல்லாமல் ஒரு பொடியன் கம்பியில் கட்டிய சாமானைத் தூக்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தவன், "சேர்!" என்றான்.

எங்கள் வகுப்பில் படித்த பிள்ளை. சாதாரண தரம் எழுதியதோடு படிப்பை விட்டவன். கையைப் பிடித்துப் பார்த்தோம். விரல் மூட்டுகளில் வட்ட வட்டமாகப் புண். ஆணியால் குத்தியது போல ஆழம், ஆனால் சீழ் இல்லை.

"இது என்ன மகன்?"

"ஒண்டும் இல்ல சேர். தண்ணி பட்டா இப்பிடித்தான் வரும். நோவு இல்ல."

நோவு இல்லை என்பதுதான் இந்தப் புண்ணின் குணம். குரோம் தொட்டியில் வேலை செய்பவர்களுக்கு வரும் புண் என்று மருத்துவத்தில் நெடுங்காலமாகத் தெரிந்த ஒன்று. அந்தப் புகாரைச் சுவாசித்தால் மூக்கின் நடுச் சுவரிலும் இதே மாதிரி ஓட்டை விழும். தொட்டியில் இருப்பது ஆறு வலுவளவுள்ள குரோமியம். புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் முதல் வகுப்பில் போட்டிருக்கும் பொருள். பம்பரில் ஒட்டிய பிறகு அது வெறும் உலோகம், தொட்டாலும் ஒன்றும் செய்யாது. ஆபத்து முழுவதும் தொட்டியில் இருக்கும்போதுதான்.

எங்களுக்கு அதிகம் உறுத்தியது வேறு ஒன்று. மின்முலாமிடலை அந்தப் பிள்ளைக்குப் படித்துக் கொடுத்தவர்களே நாங்கள்தான். முகவைக்குள் செப்பு சல்பேற்று, அனோட்டு, கதோட்டு என்று படம் கீறிக் காட்டினோம். பரீட்சைக்கு வரும் என்று அடிக்கோடும் போடச் சொன்னோம். அந்தத் தண்ணீரைப் பிறகு எங்கே ஊற்றுவது, கையில் எதைப் போடுவது என்று ஒரு வரி சொன்னதாக ஞாபகம் இல்லை.

கழுவிய தண்ணீர் வளவு மூலையில் ஒரு கிடங்குக்குள் போகிறது. நமது கரையோரம் மணல் தரை. சில அடி தோண்டினாலே தண்ணீர். மேலே ஊற்றுவது கீழே போக அதிக நாள் எடுக்காது. குடிநீரில் மொத்தக் குரோமியம் லீற்றருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது உலக சுகாதார ஸ்தாபனத்தின் அளவு. அந்த அளவில் நிறமும் தெரியாது, மணமும் தெரியாது. நான்கு வீடு தள்ளி ஒரு உம்மா பிள்ளைக்குப் பால் கரைக்கும்போது அவவுக்கு என்ன தெரியப் போகிறது?

அந்த இடத்து முதலாளியைக் கெட்டவர் என்று சொல்ல இதை எழுதவில்லை. அவரை நம்பி நான்கைந்து குடும்பம் இருக்கிறது. நாங்கள் பேசியபோது அவர் சொன்னது ஒன்றுதான்: "சேர், நீங்களே எட்டாயிரம் குறைச்சீங்க. நான் எதுல கையுறை வாங்குற, எதுல டாங்கி கட்டுற?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்த எட்டாயிரம் அவருடைய லாபத்திலிருந்து மட்டும் போகவில்லை. அந்தப் பிள்ளையின் கையிலிருந்தும் போயிருக்கிறது.

வழி இல்லாத விடயமும் அல்ல இது. கழிவு நீரை அமில நிலையில் வைத்து சோடியம் மெற்றாபைசல்பைற்று இட்டால், நஞ்சான குரோமியம் நஞ்சு குறைந்த மூன்று வலுவளவு நிலைக்கு மாறும். மஞ்சள் நிறம் பச்சையாகும், கண்ணாலேயே பார்க்கலாம். பிறகு சுண்ணாம்பு போட்டால் அது சேறாகக் கீழே படியும். அந்தச் சேற்றை வேறாக எடுத்து முறைப்படி அகற்ற வேண்டும். இதெல்லாம் முறை தெரிந்தவர் செய்ய வேண்டிய வேலை. வீட்டில் யாரும் முயற்சி செய்ய வேண்டாம். செப்புத் தொட்டியில் சயனைட்டு பாவிக்கும் இடங்களும் உண்டு, அதில் அமிலம் கலந்தால் உயிரே போகும். 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்க தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் இப்படியான தொழிலுக்கு சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் எடுக்க வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது.

நாங்கள் பம்பரைத் திருப்பி எடுத்துக்கொண்டோம். கொழும்புப் பக்கம் கழிவு நீர்த் தொட்டி உள்ள, உரிமத்தைக் கேட்டதும் காட்டிய ஒரு இடத்தில் செய்தோம். லொறிக் கூலியோடு 46,000 முடிந்தது. மூன்று பேரும் பங்கு போட்டோம். முன் பம்பருக்கு மட்டும்தான் காசு காணும். பின் பம்பரை நாங்களே சுத்தம் செய்தோம். அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் மேல் துரு போய்விடும். அலுமினியம் குரோமை விட மென்மையானது, கீறாது. பிறகு மெழுகு பூசி, உள்பக்கத்துக்குத் துருத் தடுப்பு பெயின்ற் அடித்தோம். பழைய மங்கல் கொஞ்சம் இருக்கத்தான் செய்தது. மாப்பிள்ளை இறங்கும்போது அதை யார் பார்த்தார்?

பழைய கார் வைத்திருக்கும் உறவுகளுக்கு எங்கள் கருத்து இதுதான்.

முதலாவது, உரியாத பம்பரைக் குரோமுக்குக் கொடுக்காதீர்கள். மங்கல் நோயல்ல. கடற்கரைப் பக்கம் போய் வந்தால் நல்ல தண்ணீரில் உள்பக்கமும் சேர்த்துக் கழுவுங்கள், போதும்.

இரண்டாவது, இரும்பு ஓட்டையாகிப் போனது என்றால் ஸ்டெயின்லஸ் ஸ்டீல் பம்பர் எடுப்பதில் தவறில்லை. அதற்குக் குரோம் தொட்டியே தேவையில்லை. ஆனால் கடற்காற்றில் அதுவும் கவனிக்காவிட்டால் தேயிலைக் கறை போலப் பிடிக்கும். வளைவும் ஓட்டைகளும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மூன்றாவது, திருப்பிக் குரோம் பண்ணத்தான் வேண்டும் என்றால் மூன்று கேள்வி கேளுங்கள். கழுவிய தண்ணீர் எங்கே போகிறது? தொட்டிக்குள் யாருடைய கை போகிறது, கையுறையோடா? உரிமம் இருக்கிறதா? பதில் சரியென்றால், தயவு செய்து விலை பேசாதீர்கள்.

நாலாவது, நமது டவுன் முதலாளிமாரைத் தள்ளி வைப்பதால் ஒன்றும் நடக்காது. அப்படிச் செய்தால் தொட்டி இன்னொரு வளவுக்குள் ஒளியும், அவ்வளவுதான். பள்ளிவாசல் நிர்வாகமும் வர்த்தக சங்கமும் சேர்ந்து, இரண்டு மூன்று பேருக்குப் பொதுவாக ஒரு கழிவு நீர்த் தொட்டி கட்ட உதவலாமா என்று யோசிக்க வேண்டும். ஊருக்குக் குழாய்க் கிணறு கட்டிக் கொடுப்பதை ஸதக்கா ஜாரியா என்கிறோம். இருக்கும் கிணற்றை நஞ்சாகாமல் காப்பதும் அதில் சேராதா?

ஆற்றங்கரையில் இருந்து வுழூச் செய்தாலும் தண்ணீரை வீண்விரயம் செய்யாதே என்று படித்து வளர்ந்தவர்கள் நாம். வாப்பா விட்டுப் போன கார் எங்களுக்கு அமானிதம். பிறர் பிள்ளையின் கையும் பக்கத்து வீட்டுக் கிணறும் அதைவிடப் பெரிய அமானிதம்.

அந்தப் பிள்ளையை டொக்டரிடம் கூட்டிப் போய்க் காட்டியிருக்கிறோம். முதலாளி தடித்த இறப்பர் கையுறை வாங்கிக் கொடுத்திருக்கிறார். தண்ணீர் இன்னும் அதே கிடங்குக்குத்தான் போகிறது. அதற்கு ஒரு வழி சொல்லக் கூடியவர்கள், குறிப்பாக இரசாயனம் படித்த தம்பி தங்கைமார், கருத்தில் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு நிர்வாகத்தினரைச் சந்திக்க இருக்கிறோம். கூட வரக் கூடியவர்கள் வாருங்கள்.

வஸ்ஸலாம்.