நில் என்றால் நிற்குமா?

பழைய மோட்டார் சைக்கிள் வாங்கும் ஆசை நம் விடுதியில் காய்ச்சலைப் போலப் பரவி வருகிறது. புல்லட், ராஜ்தூத், ஜாவா, எஸ்டி என்று நாள்தோறும் பெயர்கள் அடிபடுகின்றன. வாங்கிய தோழர்கள் முதலில் செய்வதென்ன? பெட்ரோல் டேங்குக்குப் புது வர்ணம்; சைலன்சருக்குக் குரோமியப் பூச்சு. பிரேக் எப்படி என்று கேட்டால், "பழைய வண்டிதானே, அவ்வளவுதான் பிடிக்கும்" என்று ஒரு சிரிப்பு. அந்தப் பதிலை நான் ஒப்புக்கொள்வதற்கில்லை.

2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புது வண்டிகளுக்கெல்லாம் ஏ.பி.எஸ். கட்டாயமாயிற்று. அந்த வசதி தாத்தா காலத்து வண்டிக்கு இல்லைதான். ஆயினும் 1950-களில் நம் இராணுவம் எல்லைக் காவலுக்கென்று விரும்பி வாங்கிய வண்டி புல்லட். மலைப்பாதையில் ஓடிய வண்டி நிற்கத் தெரியாத வண்டியாகவா இருந்திருக்கும்? பிரேக் வலுவிழந்தால் குற்றம் வயதின் மேல் அன்று. எங்கோ ஒட்ட வேண்டியது ஒட்டவில்லை என்பதே பொருள்.

எங்கள் ஊர் வெள்ளறடை. குரிசுமலை அடிவாரம், இரு பக்கமும் ரப்பர்த் தோட்டம், ஏற்றமும் இறக்கமும் தவிரச் சமதளம் அரிது. பெரியப்பாவின் புல்லட்டுக்கு ஒரு பட்டறையில் புது பிரேக் ஷூ மாட்டி வாங்கினேன். மறுநாள் ஐப்பசி மழையில் அம்மாவைப் பின்னால் வைத்துப் பனச்சமூட்டுச் சந்தையிலிருந்து திரும்பும்போது, இறக்கத்தில் லீவரை முழுக்க அழுத்தியும் வண்டி தன் பாட்டுக்குப் போயிற்று. "பைய போ மக்களே" என்று அம்மா சொன்னது காதில் விழுந்தது. பையப் போக வழியில்லை. கியரைக் குறைத்து, ஓரத்து மண்மேட்டில் சக்கரத்தை ஏற்றித்தான் நிறுத்தினேன்.

புது ஷூ பழையதைவிட மோசமாகப் பிடிப்பானேன்? வீட்டு முற்றத்தில் சக்கரத்தைக் கழற்றி, லைனிங் முழுதும் சாக்கட்டி தேய்த்து, மறுபடி மாட்டி, சக்கரத்தைச் சுழற்றி மெல்லப் பிரேக் போட்டுப் பார்த்தேன். கட்டை விரல் அகலத்துக்கு நடுவில் மட்டுமே சாக்கு அழிந்திருந்தது! ஷூவின் வளைவும் டிரம்மின் வளைவும் ஒன்றாக இல்லை. மீதி லைனிங் வெறும் அலங்காரம்.

நடுமேட்டை ஈரத்துணியால் நனைத்து நனைத்து உப்புத்தாளால் தேய்த்தேன். தேய்ப்பதும் மாட்டிப் பார்ப்பதுமாக ஒரு பகல் கழிந்தது. பிறகு அச்சு நட்டைச் சற்றுத் தளர்த்தி, பிரேக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டே நட்டை முடுக்கினால் ஷூக்கள் டிரம்மின் நடுவில் தாமாக அமர்ந்துவிடும். ஐந்து நிமிட வேலை. பட்டறையில் ஏனோ இதை யாரும் செய்யவில்லை.

அங்கே செய்வது கேபிள் திருகை இறுக்குவது. அதில்தான் ஏமாற்று இருக்கிறது. இறுக்கினால் லீவர் கெட்டியாகும், கை நம்பிவிடும். ஆனால் லைனிங் தேயத் தேய இறுக்கிக்கொண்டே போனால், கேமைத் திருப்பும் கை கேபிளுக்குச் செங்கோணத்தைத் தாண்டிப் போய்விடும். அதன்பின் எவ்வளவு இழுத்தாலும் திருப்புவிசை குறைவே. நெம்புகோல் கணக்கைப் பரீட்சையில் எழுதுகிறோம், வண்டியில் பார்ப்பதில்லை.

கணக்கு என்றதும் இன்னொன்று. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில், நல்ல பிரேக் வினாடிக்கு வினாடி 6 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைத்தால் சுமார் 10 மீட்டரில் வண்டி நிற்கும். அதில் பாதி பலந்தான் என்றால் 20 மீட்டர் ஓடும். வேகம் இரட்டித்தால் தூரம் நான்கு மடங்கு. நம் வளாகத்துச் சமதளத்தில் ஆக்ஸிலேட்டரை விட்டாலே வண்டி தளர்ந்து நின்றுவிடுவதால் இந்தக் குறை ஒருநாளும் தெரியாது. விடுமுறையில் ஊர்ச் சரிவில் இறங்கும்போதுதான் தெரியும்.

லைனிங்கில் கிரீஸ் கசிந்திருந்தாலும், கண்ணாடி போல் வழவழத்திருந்தாலும் மேற்சொன்னவை பலிக்கா. கசிவை அடைத்து லைனிங்கை மாற்ற வேண்டியதுதான். டிரம்முக்குள் இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள். பழைய லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அது நுரையீரலுக்கு நஞ்சு. ஈரத்துணியால் துடையுங்கள்.

இரவல் கேட்கும் நண்பர்களுக்கும் ஒரு சொல். பழைய புல்லட்டில் கியர் வலக்காலுக்கு, பின் பிரேக் இடக்காலுக்கு. அவசரத்தில் வலக்காலை மிதித்துவிட்டு வண்டியைத் திட்டுகிறவர்களை இவ்வாண்டே இருவரைக் கண்டேன். முதலில் விடுதிக்குப் பின்னாலுள்ள காலி மைதானத்தில் பத்துமுறை ஓட்டி நிறுத்திப் பாருங்கள். சாக்கட்டி வேண்டுமென்றால் என் அறைக்கு வாருங்கள், தருகிறேன்.