ஓராண்டு வாசமும் ஒரு நாள் யாத்திரையும்

படிப்புக்காகவோ உத்தியோகத்துக்காகவோ அயல்நாட்டில் ஒரு வருஷம் தங்க நேர்ந்த நம்மவர்களுக்கு, போய்ச் சேர்ந்த இரண்டாவது வாரமே ஒருவகை ஜுரம் கண்டுவிடுகிறது. வெள்ளிக்கிழமை மாலையில் அது ஏறும். திங்கட்கிழமை காலையில் இறங்கும். இடைப்பட்ட இரண்டு நாட்களில் மூன்று நகரங்கள், இரண்டு கோட்டைகள், ஓர் ஏரி, முடிந்தால் பனி மூடிய ஒரு சிகரம். அவற்றின் முன் நின்று எடுத்துக்கொண்ட படங்கள் ஞாயிறு இரவுக்குள் ஊரில் உள்ள உறவினர் அனைவருக்கும் வந்து சேர்ந்துவிடும்.

இதில் பரிகசிக்க ஒன்றும் இல்லை. ஒரு வருஷம் என்பது ஐம்பத்திரண்டு வாரங்கள்தாம். விசாவில் அச்சடித்த தேதி ஒவ்வொரு காலையிலும் கண்முன் நிற்கிறது. அந்த நாடுகளில் சௌகரியங்களும் அதிகம். ஜெர்மனியில் 2023-ஆம் வருஷம் மே மாதம் முதல் ஒரே மாதச் சீட்டில் தேசம் முழுவதும் உள்ளூர் ரயில்களிலும் பஸ்களிலும் ஏறி இறங்கலாம் என்று ஏற்பாடு செய்திருக்கிறார்கள். சுவிட்ஜர்லாந்தின் மலைப்பாதைகளில் மஞ்சள் பலகைகள் நிற்கின்றன. அடுத்த ஊருக்கு நடந்து போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதை அவை சொல்லுகின்றன. இவ்வளவும் இருக்க, விடுமுறை நாளில் அறைக்குள் படுத்துக் கிடப்பவன் சோம்பேறியே.

ஆனால், அந்த உற்சாக வாலிபர் நாகர்கோவில்காரராக இருந்தால் அவரிடம் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள். "கீரிப்பாறைக்குப் போயிருக்கிறீர்களா?" என்று கேளுங்கள். "அதற்கென்ன, பக்கத்தில்தானே இருக்கிறது? எப்போது வேண்டுமானாலும் போகலாமே!" என்பார். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்ற இடத்துக்கு நாம் எப்போதுமே போவதில்லை. ஊருக்குத் திரும்பவேண்டிய தேதி தெரிந்தவனுக்கே கால்கள் முளைக்கின்றன.

கால்கள் முளைத்தால் போதுமா? கண்களும் வேண்டும். லண்டனில் பாரிஸ்டர் படிப்புக்காக வாசம் செய்தபோது காந்தியடிகள் பாரிஸ் நகரத்துப் பொருட்காட்சியைப் பார்க்கப் போனார். ஏழு நாள் அங்கே தங்கி, கையில் ஒரு வரைபடத்தை வைத்துக்கொண்டு பெரும்பாலும் கால்நடையாகவே சுற்றினார். உலகமே அண்ணாந்து பார்த்த ஐபெல் கோபுரத்தில் அவரும் ஏறினார். அங்கே பகலுணவும் உண்டார். எனினும் தம் சுயசரிதையில் அக்கோபுரத்தை அவர் பெரிதாக மதிக்கவில்லை. பாரிஸின் பழைய தேவாலயங்களும், அவற்றுள் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்துகொண்டிருந்த சாமானிய ஜனங்களுமே அவர் மனத்தில் நிலைத்தார்கள். ஓர் இடத்துக்குப் போனால் அங்கே உள்ள மனிதர்களைப் பார்க்கவேண்டும் என்ற பாடம் இதில் இருக்கிறது.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். அயல்நாட்டு வாசம் எல்லோருக்கும் ஒரே மாதிரி அமைவதில்லை. நம் குமரி ஜில்லாவிலிருந்து வளைகுடா நாடுகளுக்குப் போய்க் கட்டடம் கட்டுகிறவர்களுக்கும் வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கிடைக்கிறது. பெரும்பாலோருக்கு அது வெள்ளிக்கிழமை. துணி துவைக்கவும், சேர்ந்து சமைக்கவும், வீட்டாருடன் தொலைபேசியில் பேசவும் அந்த நாள் சரியாகப் போய்விடுகிறது. வார ஓய்வு என்பதே தானாக வந்த வரம் அன்று. பம்பாய் ஆலைத் தொழிலாளருக்காக நாராயண் மேகாஜி லோகண்டே என்ற பெரியார் பல வருஷங்கள் வாதாடிய பிறகு, 1890-ஆம் வருஷத்தில்தான் அங்கே ஞாயிறு விடுமுறை கிடைத்தது. தோட்டத் தொழிலாளருக்கு ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு உண்டு என்று விதித்த சட்டம், சுதந்திரம் வந்த பிறகு, 1951-இல் இயற்றப்பட்டது.

இவ்வளவு பீடிகை போடுவதற்குக் காரணம் உண்டு. சென்னையிலிருந்து வந்து நாமும் இப்போது நாகர்கோவிலில் ஓராண்டு வாசம் செய்கிறோம். இதை அயல்நாடு என்று சொன்னால் நாஞ்சில் நாட்டு நண்பர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால், நம் பாட்டனார் காலத்தில் இது அயல்நாடேதான். ஆரல்வாய்மொழிக் கணவாயைத் தாண்டினால் திருவிதாங்கூர் சமஸ்தானம். ராஜா வேறு, சக்கரம் என்று வழங்கிய நாணயம் வேறு, 'அஞ்சல்' என்ற பெயருடன் ஓடிய தபாலும் வேறு. ஆண்டுக் கணக்குக்கூடக் கொல்லம் ஆண்டுதான். தோவாளை, அகஸ்தீஸ்வரம் தாலுகாக்களாகிய நாஞ்சில் நாடு, கல்குளம், விளவங்கோடு தாலுகாக்களுடன் சேர்ந்து 1956-ஆம் வருஷம் நவம்பர் மாதம் முதல் தேதி தமிழகத்துடன் இணைந்தது. ஆகவே, ஓராண்டுக்காரர்களுக்கு உரிய ஜுரம் நமக்கும் கண்டது. சனிக்கிழமைதோறும் ஓர் இடம் என்று கணக்கு வைத்துக்கொண்டோம். அந்த வரிசையில்தான் கீரிப்பாறை வந்தது.

வடசேரியில் விடியுமுன் பஸ் ஏறினோம். பூதப்பாண்டிப் பக்கத்து வயல்வெளிகள் இருளில் கழிந்தன. தோழர் ஜீவானந்தம் 1907-ஆம் வருஷம் பிறந்த மண் அது. அழகியபாண்டியபுரம், தடிக்காரன்கோணம் என்று பஸ் ஏறிச் செல்லச் செல்ல நெல் மறைந்தது, தென்னை குறைந்தது. காற்றில் ஈரம் கூடியது. மலையை நெருங்கியதும் சாலையின் இருபுறமும் ரப்பர் மரங்கள் அணிவகுத்து நின்றன. அவற்றின் நடுவே தலையில் விளக்குக் கட்டிய மனிதர்கள் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டிருந்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் மின்மினிகளைப் போல இருந்தது.

பால் வெட்டு என்பது விடியற்காலைத் தொழில். வெயில் ஏறினால் பால் ஓடுவது குறைந்துவிடும். மரப்பட்டையில் இடப்புறம் மேலேயும் வலப்புறம் கீழேயுமாகச் சாய்த்து மெல்லிய சீவலாக வெட்டவேண்டும். ஆழம் குறைந்தால் பால் வராது. ஆழம் மிகுந்தால் மரத்துக்குக் காயம். கையை நிதானமாக ஓட்டினால் வெண்மையான பால் கோடு பிடித்து இறங்கிச் சிரட்டையில் சொட்டுகிறது. ஒருவர் ஒரு காலையில் முந்நூறு, நானூறு மரங்கள் வெட்டவேண்டும். பிறகு அந்தப் பாலையெல்லாம் வாளியில் சேகரித்துச் சுமந்துவரவேண்டும். பாலை அமிலம் சேர்த்து உறையவிட்டு, உருளையில் கொடுத்துத் தகடாக்கி, புகையில் உலர்த்துகிறார்கள். சிரட்டையில் காய்ந்து ஒட்டிக்கொண்டதும் வீணாவதில்லை. ஒட்டுப்பால் என்று அதற்கும் விலை உண்டு. மழை பெய்தால் வேலை நிற்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த ஜில்லாவில் அது சாமானியமான கவலை அன்று.

இந்த மரத்தின் கதையே ஓர் அயல்நாட்டு யாத்திரை. இதன் பிறப்பிடம் தென் அமெரிக்காவில் அமேசான் நதிக்காடு. 1876-ஆம் வருஷத்தில் ஹென்றி விக்காம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 விதைகளை லண்டனில் உள்ள கியூ தோட்டத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார். மூவாயிரத்துக்கும் குறைவானவையே முளைத்தன. அந்தக் கன்றுகளில் பெரும்பாலானவை அதே வருஷத்தில் இலங்கைக்குக் கப்பல் ஏறின. அங்கிருந்துதான் கீழ்த்திசை நாடுகளில் ரப்பர் பரவியது.

மரம் இலங்கை வழியாக வந்தது. அதை வெட்டும் கைகளில் பலவும் இலங்கை வழியாகவே வந்தன.

காலை பதினொரு மணிக்கு, வேலை முடிந்து எல்லோரும் திரும்பும் வேளையில், ஒரு தேநீர்க் கடையின் பலகையில் எழுபது வயதைத் தாண்டிய அம்மாள் ஒருவரின் பக்கத்தில் உட்கார நேர்ந்தது. பேச்சு வாக்கில், "அம்மா, உங்களுக்குச் சொந்த ஊர் எது?" என்று கேட்டோம்.

"எந்த ஊரைக் கேட்கிறீர்கள், ஐயா?" என்றார் அவர். "பிறந்தது ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம். தாத்தாவுக்குத் திருச்சிப் பக்கம் என்று சொல்வார்கள். அந்த ஊர்ப் பெயர் அப்பாவுக்குத் தெரியும். அவரோடு அதுவும் போய்விட்டது."

நமக்குச் சற்று நேரம் பேச்சு எழவில்லை. அவரே தொடர்ந்தார். கொழுந்து பறித்துப் பழகிய கைக்கு இங்கே வந்துதான் பால் வெட்டக் கற்றுக்கொடுத்தார்களாம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். பேத்தி நாகர்கோவிலில் கல்லூரியில் படிக்கிறாள்.

"அங்கே லீவு நாளில் எங்கேயாவது வெளியே போவதுண்டா?"

"சின்ன வயதில் ஒரு தடவை சிவனொளிபாத மலைக்குப் போனோம், ஐயா. ராத்திரி முழுதும் ஏறினோம். உச்சியில் நின்று பொழுது விடிவதைப் பார்த்தோம். அது போதும்."

இந்த அம்மாள் சொன்ன கதை ஒருவருடைய கதை அன்று. இந்தியாவிலிருந்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக இலங்கைத் தோட்டங்களுக்குப் போனவர்களின் சந்ததியார் லட்சக்கணக்கானவர்களை, 1948-ஆம் வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் எந்த நாட்டுக்கும் உரியவர் அல்லாதவர் ஆக்கிற்று. 1964-ஆம் வருஷம் அக்டோபர் மாதத்தில் லால்பகதூர் சாஸ்திரியும் ஸ்ரீமாவோ பண்டாரநாயகாவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்றும், 3,00,000 பேரை இலங்கைக்கு என்றும் வகுத்தது. எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை இரு நாடுகளும் 1974-இல் சரிபாதியாகப் பங்கிட்டுக்கொண்டன. வந்தவர்களில் சிலர் நீலகிரித் தேயிலைக்கும், சிலர் குமரி ஜில்லா ரப்பருக்கும் அனுப்பப்பட்டனர். இங்கே வனத்துறையார் வளர்த்த ரப்பர்த் தோட்டங்கள் 1984-ஆம் வருஷத்தில் அரசு ரப்பர் கழகத்தின் வசம் ஆயின. கீரிப்பாறை அக்கழகத்தின் தோட்டங்களில் ஒன்று.

சர்க்கார் தஸ்தாவேஜுகளில் இவர்களுக்குத் 'தாயகம் திரும்பியோர்' என்று பெயர். பார்த்தே இராத ஊருக்கு ஒருவர் எப்படித் திரும்ப முடியும்? உண்மையில் இவர்கள் அயல்நாட்டுக்குப் புறப்பட்டவர்கள். நம் வாலிபர் ஜெர்மனிக்குப் போனபோது பெட்டியில் ஊறுகாய் இருந்தது. கையில் திரும்பும் சீட்டு இருந்தது. தலைமன்னாரில் கப்பல் ஏறியவர்களிடம் பெட்டி இருந்தது; திரும்பும் சீட்டு இல்லை. சுற்றுலா என்பதற்கும் குடிபெயர்வு என்பதற்கும் நடுவே நிற்பது அந்தச் சீட்டு ஒன்றுதான்.

புறப்படும் சமயத்தில், "காளிகேசத்துக்குப் போகிறோம்" என்று சொன்னோம். கீரிப்பாறையைத் தாண்டிக் காட்டுக்குள் இருக்கும் காளிகோயிலும், பாறைகளின் நடுவே ஓடும் ஆறும் ஞாயிறுதோறும் ஜனங்களை இழுக்கின்றன. அம்மாள் சிரித்துக்கொண்டே, "போய்வாருங்கள், ஐயா. உங்களுக்கு அது பார்க்கிற தண்ணீர். எங்களுக்குப் புழங்குகிற தண்ணீர். மேலே பாட்டில் உடைந்தால் கீழே எங்கள் பிள்ளைகள் காலில் ஏறுகிறது. வருகிறவர்களிடம் அதைமட்டும் சொல்லுங்கள்" என்றார்.

அதைத்தான் இங்கே சொல்லுகிறோம். காளிகேசத்து ஆறு அழகுதான். வர்ணிக்க இடம் போதாது. குளிர்ந்த தண்ணீர், வழுவழுப்பான பாறை, தலைக்குமேல் காட்டின் பச்சைப் பந்தல். ஆனால், கரையோரப் புதர்களில் முதல் நாள் உல்லாசிகள் விட்டுச்சென்ற அடையாளங்களும் இருந்தன. இதே ஆசாமி சுவிட்ஜர்லாந்தில் ஒரு மிட்டாய்க் காகிதத்தைச் சட்டைப் பையில் மடித்து வைத்துக்கொண்டு குப்பைத் தொட்டியைத் தேடி அலைகிறார். அங்கே அவர் விருந்தாளி என்பது அவருக்கு நினைவிருக்கிறது. இங்கே அது மறந்துபோகிறது.

ஆகவே, நேயர்களே, அயல்நாட்டில் ஓராண்டு வாசம் செய்கிறவர்கள் தாராளமாக ஊர் சுற்றட்டும். திரும்பி வந்த பிறகு அதே ஜுரத்தை இங்கேயும் கொஞ்சம் வளர்த்துக்கொள்ளட்டும். கீரிப்பாறைக்குப் போகிறவர்கள் விடியற்காலையில் போகவேண்டும்; அப்போதுதான் பால் வெட்டைப் பார்க்கலாம். வெட்டுகிறவரைப் படம் எடுக்குமுன் ஒரு வார்த்தை கேட்கவேண்டும். மேலே மலையில் மழை பெய்தால் ஆறு சொல்லாமல் பெருகும். மேகம் கறுத்தால் தண்ணீரை விட்டு ஏறிவிடவேண்டும். அது யானை நடமாடும் காடு. பொழுது சாயுமுன் கீழே இறங்கிவிடவேண்டும். கொண்டுபோன பாட்டிலையும் காகிதத்தையும் தவறாமல் திரும்பக் கொண்டுவரவேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, தேநீர்க் கடைப் பலகையில் கால்மணி நேரம் உட்காரவேண்டும். அங்கே யாரையாவது சொந்த ஊர் எது என்று கேட்டால், பதில் நீளமாக வரலாம். அடுத்த பஸ்ஸுக்கு அவசரப்படாமல் கேட்டுவிட்டு வாருங்கள்.